மெக்னீசியத்தைக் கூட்டினால் ஜிங்க் ஆக்சைடின் படிக அமைப்பு எந்த விகிதத்தில் மாறும்?

சஃபயர் தகட்டின் மேல் ஜிங்க் ஆக்சைடு படலம் வளர்க்கிறீர்கள். அதில் மெக்னீசியத்தின் பங்கைப் படிப்படியாகக் கூட்டி வருகிறீர்கள். எக்ஸ் கதிர் வரைபடத்தில் 34.4 பாகையில் இருந்த முகடு மெல்ல 34.7 வரை நகர்ந்திருக்கிறது. மெக்னீசியம் 40 விழுக்காட்டை நெருங்கியபோது 36.6 பாகைக்கு அருகே சிறிதாக இன்னொரு முகடு எழுந்திருக்கிறது. வேகார்ட் விதி பொய்த்துவிட்டதா, எந்த விகிதத்தில் படிக அமைப்பு மாறும், ஒரே எண்ணாகச் சொல்ல முடியுமா என்பது உங்கள் கேள்வி. இதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கலவையின் விகிதம் மாறும்போது அலகுக்கூட்டின் (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறிய பெட்டியின்) அளவு எப்படி மாறுகிறது என்பது ஒன்று. ஓர் அணுவைச் சுற்றி எத்தனை அணுக்கள் எந்த ஒழுங்கில் நிற்கின்றன என்ற அமைப்பே எப்போது மாறுகிறது என்பது இன்னொன்று. வேகார்ட் விதி முதல் கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும். இரண்டாவதற்கு ஒரே எண் கிடையாது. ஆக்சைடு, நைட்ரைடு படலங்களின் எக்ஸ் கதிர் அளவீட்டிலேயே பல ஆண்டுகளைக் கழித்தவன் என்ற முறையில், ஏன் கிடையாது என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் வேகார்ட். நார்வே நாட்டு இயற்பியலாளர் லார்ஸ் வேகார்ட் 1921இல் பொட்டாசியம் குளோரைடு, பொட்டாசியம் புரோமைடு போன்ற உப்புகளின் கலப்புப் படிகங்களை எக்ஸ் கதிரால் ஆராய்ந்து, அணிக்கோவை மாறிலி, அதாவது அலகுக்கூட்டின் பக்க நீளம், கலவை விகிதத்தோடு ஏறக்குறைய நேர்கோட்டில் நகர்வதைக் கண்டார். இது அளந்து கண்ட போக்கு. அடிப்படைக் கோட்பாட்டிலிருந்து வருவித்த விதி அல்ல. இரு முனையிலும், அதாவது கலக்கும் இரு தூய சேர்மங்களிலும், ஒரே படிக அமைப்பு இருக்க வேண்டும் என்பது அதன் உள்ளார்ந்த நிபந்தனை. அந்த நிபந்தனை நிறைவேறும் இடங்களில் விதி அழகாகவே வேலை செய்கிறது. காலியம் ஆர்செனைடின் அணிக்கோவை மாறிலி 5.653 ஆங்ஸ்ட்ராம், அலுமினியம் ஆர்செனைடினுடையது 5.661; இரண்டும் சிங்க் பிளெண்ட் அமைப்பு, அதாவது ஒவ்வோர் அணுவுக்கும் நான்கு அண்டை அணுக்கள் கொண்ட கனசதுர அமைப்பு. எந்த விகிதத்தில் கலந்தாலும் அமைப்பு குலையாது. அகச்சிவப்பு உணரிகளில் பயன்படும் மெர்க்குரி காட்மியம் டெல்லுரைடும் அப்படியே. சிலிக்கனும் ஜெர்மானியமும் வைர அமைப்பில் முழு வீச்சிலும் கலக்கும்; பாதிக்குப் பாதி கலவையில் மட்டும் அணிக்கோவை மாறிலி நேர்கோட்டுக்குச் சுமார் 0.007 ஆங்ஸ்ட்ராம் கீழே இறங்கியிருக்கும். இதை விதி பொய்த்தது என்று யாரும் சொல்வதில்லை. திருத்த உறுப்பு ஒன்றைச் சேர்த்துக்கொண்டு மேலே போகிறோம்.

ஆனால் நேர்கோட்டைப் பார்த்து, உள்ளே ஒவ்வொரு பிணைப்பும் அதே சீராக நீள்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. பாடநூல்கள் பெரும்பாலும் தாண்டிப் போகும் இடம் இது. 1982இல் மிக்கெல்சன், பாய்ஸ் என்ற இருவர் இண்டியம் காலியம் ஆர்செனைடை எக்ஸ் கதிர் உட்கவர்தலின் நுண்ணமைப்பைக் கொண்டு ஆராய்ந்தார்கள். சாதாரண எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு கோடிக்கணக்கான அலகுக்கூடுகளின் சராசரியைக் காட்டும். இந்த முறையோ குறிப்பிட்ட ஓர் அணுவுக்கும் அதன் அண்டை அணுவுக்கும் இடையிலான தூரத்தைத் தனியே காட்டும். தூய காலியம் ஆர்செனைடில் பிணைப்பு நீளம் 2.45 ஆங்ஸ்ட்ராம், தூய இண்டியம் ஆர்செனைடில் 2.62. கலவையில் எல்லாப் பிணைப்புகளும் இடைப்பட்ட ஒரே நீளத்துக்கு வந்துவிடும் என்பதுதான் எதிர்பார்ப்பு. நடந்தது வேறு. காலியம்-ஆர்செனிக் பிணைப்பு தன் நீளத்தையும், இண்டியம்-ஆர்செனிக் பிணைப்பு தன் நீளத்தையும் பெரும்பாலும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தன. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒவ்வொன்றும் அசைந்தது ஏறத்தாழ 0.04 ஆங்ஸ்ட்ராம் மட்டுமே. ஒரு வகுப்பின் சராசரி உயரம் நூற்றைம்பது சென்டிமீட்டர் என்றால், அந்த உயரத்தில் ஒரு பிள்ளைகூட இல்லாமலும் இருக்கலாம் அல்லவா? அது போலத்தான் கலவையின் அணிக்கோவை மாறிலியும். பிணைப்புகளின் நீளம் பெரிதாக மாறாதபோது, அவற்றுக்கிடையேயான கோணங்கள் வளைந்து கொடுத்தாக வேண்டும். ஆர்செனிக் அணுக்கள் தங்கள் இலட்சிய இடங்களிலிருந்து சற்றே விலகி நிற்கின்றன. சராசரியில் பிழையற்ற கனசதுரமாகத் தெரியும் படிகம், நுணுக்கிப் பார்த்தால் எங்கும் சிறிது நெளிந்திருக்கிறது.

இந்த நெளிவுக்கு ஆற்றல் செலவாகிறது. இரு முனைகளின் அளவு வேறுபாடு கூடக் கூட அந்தச் செலவும் கூடும். அணுக்களைக் கலந்து வைக்க விரும்பும் என்ட்ரோபி (ஒழுங்கின்மையின் அளவு), வெப்பநிலை உயர உயர வலுப்பெறும். இரண்டில் எது வெல்கிறதோ அதைப் பொறுத்துக் கலவை நிலைக்கும் அல்லது பிரியும். காலியம் நைட்ரைடுக்கும் இண்டியம் நைட்ரைடுக்கும் அணிக்கோவை மாறிலியில் ஏறத்தாழ 11 விழுக்காடு வேறுபாடு. ஹோ, ஸ்ட்ரிங்ஃபெல்லோ இருவரும் 1996இல் வெளியிட்ட கணக்கின்படி, 800 டிகிரி செல்சியஸில் காலியம் நைட்ரைடுக்குள் சமநிலையில் கரையக்கூடிய இண்டியம் நைட்ரைடு 6 விழுக்காட்டுக்கும் குறைவு; எல்லா விகிதத்திலும் தானாகக் கலக்க 1250 டிகிரிக்கு மேல் போக வேண்டும். ஆனாலும் நீல, பச்சை எல்இடிகளில் அதைவிடக் கூடுதலான இண்டியம் இருக்கிறது. அடித்தளம் தரும் திரிபும், அணுக்கள் பிரிந்து நகர நேரம் தராத வளர்ப்பு முறையும் அந்தக் கலவையைத் தாங்கிப் பிடிக்கின்றன. அந்த எல்இடிகளுக்குள் இண்டியம் திட்டுத்திட்டாகத் திரள்கிறதா என்பது நீண்டகால வாதம். எலக்ட்ரான் நுண்ணோக்கியின் கற்றையே மாதிரியைச் சிதைத்து அத்தகைய திட்டுகளை உண்டாக்க வல்லது என்று 2003இல் காட்டப்பட்ட பிறகு, பழைய படங்கள் பலவற்றை நான் எச்சரிக்கையோடுதான் பார்க்கிறேன். அணு அளவில் தற்செயலான ஏற்றத்தாழ்வு இருக்கும் என்பது உறுதி. பெரிய திட்டுகள் எல்லா மாதிரியிலும் உண்டு என்பது உறுதியல்ல.

உங்கள் கலவையில் சிக்கல் வேறு வகையானது. இண்டியம் காலியம் நைட்ரைடு பிரிந்தாலும் இரு பகுதிகளும், நான்கு அண்டை அணுக்கள் கொண்ட அறுகோண அமைப்பான வுர்ட்சைட்டிலேயே இருக்கும். அங்கே சண்டை அளவைப் பற்றியது. மெக்னீசியம் அயனிக்கும் துத்தநாக (ஜிங்க்) அயனிக்கும் அளவில் பெரிய வேறுபாடே இல்லை. நான்கு அண்டை அணுக்களோடு இருக்கும்போது ஷானனின் அயனி ஆரங்கள் முறையே 0.57, 0.60 ஆங்ஸ்ட்ராம். ஆனால் துத்தநாகம் தன்னைச் சுற்றி நான்கு ஆக்சிஜனை நாடுகிறது. மெக்னீசியம் ஆறை நாடுகிறது. அதனால்தான் ஜிங்க் ஆக்சைடு வுர்ட்சைட், மெக்னீசியம் ஆக்சைடு பாறையுப்பு (சமையல் உப்பின் கனசதுர அமைப்பு). பிணைப்பில் அயனித்தன்மை கூடினால் ஆறு அண்டை அணுக்களைக் கொண்ட அமைப்பு வெல்லும் என்பது பழைய பட்டறிவு. இயற்பியலாளர் பிலிப்ஸ் அயனித்தன்மைக்கு ஓர் அளவுகோலே வகுத்தார்: 0.785க்குக் கீழே நான்கு, மேலே ஆறு. ஜிங்க் ஆக்சைடு 0.616, மெக்னீசியம் ஆக்சைடு 0.841. இந்த இரண்டுக்கும் நடுவே கோடு இழுத்தால் 75 விழுக்காடு மெக்னீசியத்தில் அமைப்பு மாற வேண்டும் என்று விடை வரும். அளவீடுகளோ அதற்கு வெகு முன்பே பாறையுப்பைக் காட்டுகின்றன. தூய சேர்மங்களை வகைப்படுத்த அந்த அளவுகோல் அருமையான கருவி. கலவையின் எல்லையைக் கணிக்க அதை நம்ப வேண்டாம்.

இனி, இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அமைப்பு ஒரு விகிதத்தில் திடீரென்று தாவிவிடுவதாகப் பலரும் நினைக்கிறார்கள். தாவுவதற்கு வெகு முன்பிருந்தே பழைய அமைப்பு புதியதை நோக்கிச் சாயத் தொடங்கிவிடுகிறது. வுர்ட்சைட் ஜிங்க் ஆக்சைடில் அலகுக்கூட்டின் உயரமான சி-க்கும் அடிப்பக்கமான ஏ-க்கும் உள்ள விகிதம் 1.60. மெக்னீசியம் சேரச் சேர ஏ சற்றுக் கூடுகிறது, சி குறைகிறது. உங்கள் முகடு 34.4இலிருந்து பெரிய கோணத்துக்கு நகர்ந்தது சி குறைந்ததால்தான். அளவில் கிட்டத்தட்ட ஒத்த அயனிகளைக் கலக்கும்போது ஒரு திசை விரிந்து மறுதிசை ஏன் சுருங்க வேண்டும்? மெக்னீசியம் ஆக்சைடை வலிந்து வுர்ட்சைட் வடிவில் வைத்துக் கணக்கிட்டால், அது அந்த வடிவில் நிற்பதில்லை. சி அச்சு வழியே தட்டையாகி, மெக்னீசியமும் ஆக்சிஜனும் ஏறத்தாழ ஒரே தளத்துக்கு வந்து, ஒவ்வோர் அணுவுக்கும் ஐந்து அண்டை அணுக்கள் கொண்ட அறுகோண அமைப்பாகிவிடுகிறது. நான்குக்கும் ஆறுக்கும் நடுவில் ஐந்து! கலவையில் இருக்கும் ஒவ்வொரு மெக்னீசியமும் தன் சுற்றுப்புறத்தை அந்தத் தட்டை வடிவை நோக்கி இழுக்கிறது. ஆகவே உங்கள் கலவைக்கு வேகார்ட் கோடு வரைய வேண்டுமானால், மறுமுனையில் வைக்க வேண்டியது இயற்கையில் கிடைக்காத அந்தக் கற்பனை அறுகோண மெக்னீசியம் ஆக்சைடைத்தான். பாறையுப்பு மெக்னீசியம் ஆக்சைடின் 4.21 ஆங்ஸ்ட்ராமை அங்கே வைத்தால் கோட்டுக்குப் பொருளே இராது.

இந்தச் சாய்வு இன்று பெரிய தொழில்நுட்பமாகியிருக்கிறது. அலுமினியம் நைட்ரைடு வுர்ட்சைட்; ஸ்காண்டியம் நைட்ரைடு பாறையுப்பு. 2009இல் ஜப்பானில் அகியாமாவின் குழு அலுமினியம் நைட்ரைடில் ஸ்காண்டியத்தைக் கூட்டிக்கொண்டே போனபோது, 43 விழுக்காடு அளவில் அழுத்தமின் விளைவு (அழுத்தினால் மின்னூட்டம் தோன்றும் பண்பு) தூய அலுமினியம் நைட்ரைடைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கானது. அதற்கு மேல் ஸ்காண்டியம் சேர்ந்தால் பாறையுப்பு தலைகாட்டுகிறது, விளைவு சரிந்துவிடுகிறது. உச்சம் எல்லைக்கு அருகில் அமைவது தற்செயல் அல்ல. வுர்ட்சைட் தட்டை வடிவை நோக்கிச் சாய்ந்து மென்மையாகிவிட்டதால், சிறிய மின்புலத்துக்கே அணுக்கள் அதிகம் நகர்கின்றன. 2019இல் ஜெர்மனியின் கீல் நகரில் ஃபிக்ட்னரின் குழு, அதே கலவையில் முனைவாக்கத்தின் திசையை மின்புலத்தால் புரட்ட முடியும் என்றும் காட்டியது. கைப்பேசிகளின் அதிர்வெண் வடிகட்டிகளில் இந்தக் கலவை இப்போது பயன்படுகிறது. உங்கள் படலத்தில் நீங்கள் பார்க்கும் சிறு நகர்வும் இதே இயற்பியலின் உறவுதான்.

இப்போது எண்களுக்கு வருவோம். பொடியைச் சூளையில் நீண்ட நேரம் சுட்டுச் சமநிலைக்குக் கொண்டுவந்தால், வுர்ட்சைட் ஜிங்க் ஆக்சைடில் மெக்னீசியம் கரைவது சுமார் 4 விழுக்காடுதான் என்பது வழக்கமாகத் தரப்படும் எல்லை. 1998இல் ஓட்டோமோவும் உடன் பணியாற்றியோரும் சஃபயரின் மேல் லேசர் துடிப்பு முறையில் வளர்த்த படலங்களில் 33 விழுக்காடு வரை வுர்ட்சைட் ஒற்றை அமைப்பாகவே கிடைத்தது. ஆற்றல் இடைவெளி (எலக்ட்ரான் கட்டிலிருந்து விடுபட்டு நகரத் தேவையான ஆற்றல்) சுமார் 4 எலக்ட்ரான் வோல்ட் வரை உயர்ந்தது. அதே குழு அடுத்த ஆண்டு அப்படலங்களைச் சூடாக்கிப் பார்த்தது. 15 விழுக்காடு மெக்னீசியம் உள்ள படலம் 1000 டிகிரியிலும் தாங்கியது. 23 விழுக்காடு உள்ளது 850 டிகிரியிலேயே மெக்னீசியம் ஆக்சைடைப் பிரித்துத் தள்ளத் தொடங்கியது. பின்னர் இடைப்படலங்களைக் கவனமாக அமைத்தவர்கள் 50 விழுக்காட்டையும் தாண்டி வுர்ட்சைட்டைத் தக்கவைத்தார்கள். கனசதுர அடித்தளத்தில் வளர்த்தவர்களுக்கோ அதே நடுப்பகுதியில் பாறையுப்பு கிடைத்தது. 4, 15, 33, 50: எல்லாமே உண்மையான எண்கள்தாம். ஒவ்வொன்றும் வெவ்வேறு சூழலின் எல்லை. விகிதம் இரு அமைப்புகளுக்கு இடையிலான ஆற்றல் வேறுபாட்டைக் குறைக்கிறது. எந்த அமைப்பு உண்மையில் உருவாகும் என்பதை வெப்பநிலையும் அடித்தளமும் வளர்ப்பு வேகமும் சேர்ந்து முடிவுசெய்கின்றன. சூரிய ஒளியால் தடுமாறாத புறஊதா உணரிகளுக்கு 280 நானோமீட்டருக்குக் கீழே, அதாவது 4.4 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் இடைவெளி வேண்டும். அது விழும் இடமும் இந்த இழுபறிப் பகுதியேதான். இத்தனை பேர் இந்தக் கலவையோடு மல்லுக்கட்டியதற்குக் காரணம் அது.

முனைகளை மட்டும் பார்த்து நடுவை ஊகிக்கவும் முடியாது என்பதற்கு ஒரு சான்று சொல்லிவிடுகிறேன். ஜிங்க் செலினைடு சிங்க் பிளெண்ட். மாங்கனீசு செலினைடு இயல்பில் பாறையுப்பு. இரண்டையும் கலந்து பெரும்படிகமாக வளர்த்தால் மாங்கனீசு 30 விழுக்காடு வரை சிங்க் பிளெண்ட், அதற்கு மேல் 57 விழுக்காடு வரை வுர்ட்சைட். இரு முனையிலும் இல்லாத ஓர் அமைப்பு நடுவில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. சிங்க் பிளெண்டுக்கும் வுர்ட்சைட்டுக்கும் ஆற்றலில் அவ்வளவு சிறிய வேறுபாடு. சற்றே தள்ளினால் போதும், ஒன்று மற்றொன்றாகிவிடும்.

விகிதத்தை மாற்றாமலே அமைப்பு மாறுவதும் உண்டு. காலியமும் இண்டியமும் ஏறத்தாழ பாதிக்குப் பாதி இருக்கும் காலியம் இண்டியம் பாஸ்பைடைக் காலியம் ஆர்செனைடின் மேல் ஆவி நிலையிலிருந்து வளர்த்தால், சில வெப்பநிலைகளில் காலியமும் இண்டியமும் தற்செயலாகச் சிதறாமல் அடுத்தடுத்த தளங்களில் மாறி மாறி அடுக்கிக்கொள்கின்றன. 1980களில் ஜப்பானில் கோமியோ, சுசூகி குழுவினர் இதைக் கண்டறிந்தார்கள். கனசதுரச் சமச்சீர் குலைந்து, ஆற்றல் இடைவெளி 0.1 எலக்ட்ரான் வோல்ட் அளவுக்குக்கூடக் குறைகிறது. அடித்தளத்தைச் சில பாகை சாய்வாக அறுத்தால் இந்த ஒழுங்கு வருவதைத் தடுக்கலாம். 2020இல் நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரக் குழு வுர்ட்சைட் காலியம் ஆர்செனைடு நானோ கம்பியை அச்சாக வைத்து, இயல்பில் கனசதுரமான சிலிக்கன் ஜெர்மானியத்தை அறுகோணமாக வளர்த்து, அதிலிருந்து திறமையாக ஒளி வருவதைக் காட்டியது. அடித்தளத்தின் சொல்லுக்குக் கலவை எவ்வளவு கட்டுப்படும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனை என் நினைவில் இல்லை.

கடைசியாக உங்கள் 36.6 பாகை முகடு. மாதிரியைக் கையில் எடுக்காமல் அது பாறையுப்புதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். சி-தள சஃபயரின் மேல் பாறையுப்பு பெரும்பாலும் (111) தளம் மேலே தெரியும்படி வளரும்; அதன் முகடு 36.6 முதல் 36.9 வரையான பகுதியில் விழும். ஆனால் வுர்ட்சைட் ஜிங்க் ஆக்சைடின் (10-11) முகடும் 36.25இல்தான் இருக்கிறது, மெக்னீசியம் சேரும்போது அதுவும் சற்று நகரும். படலத்தில் சில மணிகள் சாய்ந்து வளர்ந்திருந்தால் அதே இடத்தில் முகடு வரும். அப்போது அமைப்பு மாறவே இல்லை என்றாகும். இரண்டையும் பிரித்தறிய வழி எளிது. பாறையுப்பாக இருந்தால் மாதிரியைச் சாய்த்துத் தேடும்போது 42.5 முதல் 42.9 வரையான பகுதியில் (200) முகடு கிடைக்க வேண்டும். 41.7இல் இருப்பது சஃபயரின் சொந்த முகடு. அதைக் கண்டு ஏமாற வேண்டாம்.

முகட்டின் இடத்திலிருந்து மெக்னீசியத்தின் பங்கைக் கணக்கிடும் பழக்கம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். படலம் அடித்தளத்தால் அழுத்தப்பட்டிருந்தாலும் சி மாறும். வேகார்ட் கோட்டில் அது மெக்னீசியம் கூடியதைப் போலவோ குறைந்ததைப் போலவோ தோன்றும். பங்கை ரூதர்ஃபோர்டு பின்சிதறல் முறையிலோ எலக்ட்ரான் கற்றை நுண்பகுப்பிலோ தனியே அளந்துகொள்ளுங்கள். (10-15) போன்ற சாய்தள முகட்டைச் சுற்றித் தலைகீழ் அணிக்கோவை வரைபடம் எடுத்தால் ஏ, சி இரண்டும் தனித்தனியே கிடைக்கும். பிறகு அதே மாதிரியின் ஒரு துண்டை 850 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து மீண்டும் அளவிடுங்கள். 34.7இல் இருந்த முகடு 34.4 பக்கம் திரும்பி, 36.6இல் இருப்பது வளர்ந்தால், உங்கள் படலம் சமநிலைக்கு அப்பால் வலிந்து நிறுத்தப்பட்ட கலவை என்றும், அந்த முகடு பிரிந்து வரும் பாறையுப்பு என்றும் துணிந்து எழுதலாம். கட்டுரையில் எண்ணைத் தரும்போது வளர்ப்பு வெப்பநிலை, அடித்தளம், படலத் தடிமன் மூன்றையும் அதன் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். அவை இல்லாத எல்லை எண்ணை வேறொருவர் தம் ஆய்வகத்தில் சரிபார்க்க முடியாது.